ருக்குமணி வீட்டுக் கூரைக்கு நற்சான்று

கான்கிரீட்டைக் கண்டுபிடித்தவர் யாரோ, நான் அறியேன். ஆனால் அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த பெருமை, வடக்குத்து ‘நிலவொளி’ அடுக்கக நலச் சங்கத்தையே சேரும். துணைச் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

நாங்கள் எல்லோரும் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பாதுகாப்பு எங்கள் ரத்தத்தில் ஊறியது.

மேல்மாடி ருக்குமணி அம்மா வீட்டில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. உள்ளேயிருந்த கம்பி துருப்பிடித்துப் பல்லிளித்தது. மகள் அடுத்த வாரம் கைக்குழந்தையோடு வருகிறாள். தொட்டில் கட்ட வேறு அறை கிடையாது.

“சீக்கிரம் சரி பண்ணிக் குடுங்க தலைவரே” என்றார்.

தலைவர் வைத்திலிங்கம் அவசரப்படுகிறவர் அல்லர். “டெஸ்ட் பண்ணாம கை வெக்கக் கூடாதும்மா. இடிக்காம, ஒடைக்காம உள்ள இருக்கிற கம்பியப் படம் புடிக்கிற மெஷின் வந்திருக்கு.”

கடலூரிலிருந்து மெஷின்காரர் பிரவின்குமார் அதைக் கொண்டுவந்தார். பொம்மைக் காருக்கு இருப்பதுபோல் நான்கு சக்கரம், ஒரு சின்னத் திரை. அண்ணாந்து பார்த்தார்.

“கம்பிதான் வெளியவே தெரியுதே சார்?”

“கண்ணால பாத்தா ரிப்போர்ட் ஆவுமா தம்பி? மெஷின் பாக்கணும்” என்றார் தலைவர்.

“இவ்ளோ மேடுபள்ளத்துல சக்கரம் உருளாது சார்.”

சங்கம் தயங்கவில்லை. மறுநாளே கொத்தனாரை வைத்துக் கம்பியை மூடிப் பூசினோம். காய்ந்ததும் மெஷின் வழுக்கிக்கொண்டு ஓடியது. திரையில் கம்பிகள் வரிசையாக வந்து நின்றன. கைதட்டினோம்.

“கம்பி இருக்குது. துரு எவ்ளோ தின்னிருக்குன்னு இது சொல்லாது சார்” என்றார் பிரவின்குமார்.

“அத நாங்க கேக்கவே இல்லையே” என்றார் தலைவர். ‘கம்பி உள்ளது. கூரை நலம். பழுதுபார்ப்பு தேவையில்லை’ என்று முடிவாயிற்று.

ருக்குமணி அம்மா கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. “ரொம்ப சந்தோஷங்க. அப்ப மீட்டிங்க எங்க வூட்டுலயே வெச்சுடுங்க. அந்த ரூம்லயே பாய் விரிச்சு வெக்கிறேன். காபி போட்டுக்கினு இருப்பேன், வந்துடுங்க.”

போனோம். எங்கள் ஒழுங்கைப் பாருங்கள்: யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல், சுரங்கத்தில் போட்ட பழைய ஹெல்மெட்டோடு வந்திருந்தோம். ‘கூரை முற்றிலும் பாதுகாப்பானது’ என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நாடாவை இறுக்கிக்கொண்டு கையெழுத்திட்டோம்.

காபித் தட்டோடு வந்த ருக்குமணி அம்மா ஒவ்வொரு தலையாகப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது. இதுல கைக்கொழந்த தலைக்கு ஆவுற மாதிரி ஒண்ணு இருந்தா, குடுத்துட்டுப் போங்க.”