இஞ்சி சொன்ன ஒரே பொய்

பெங்களூரில் பொய்யே சொல்லத் தெரியாத மனிதர் என்று நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். அவர் இருந்த இடத்தில் யாராலும் நெடுநேரம் சந்தோஷமாக இருக்க முடிந்ததில்லை.

எங்கள் தமிழ் நாடகக் குழுவுக்கு மேடை, உடை இரண்டையும் வடிவமைத்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எதையும் இஞ்ச் கணக்கில்தான் பேசுவார் என்பதால் 'இஞ்ச்' என்று கூப்பிட ஆரம்பித்தோம். முகத்தைப் பார்த்த பிறகு அது தானாகவே 'இஞ்சி' ஆகிவிட்டது.

பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகை நடக்கும். கழுத்தில் டேப் தொங்க, துக்கம் விசாரிக்க வந்தவர் போல நுழைவார். அளவெடுத்ததும் எண்ணை ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிப்பார். எலெக்ட்ரானிக் சிட்டியில் மேனேஜராக இருக்கும் முரளிதான் எங்கள் நிரந்தரக் கதாநாயகன். காதலனாக நடிக்கவிருந்த அவருடைய இடுப்பை ஒருநாள் அளந்தார். "வயித்த உள்ள இழுக்காதப்பா, ஸ்வல்ப மூச்ச வுடு" என்றார். முரளி விட்டார். இஞ்சி டேப்பைப் பார்த்துவிட்டு டைரக்டரிடம் திரும்பினார். "இந்த இடுப்புக்கு லவ் ஒத்து வராது சார். ஹவுசிங் லோன் சீன் ஏதாவது இருந்தா குடுங்க."

இன்னொரு நாடகத்தில் முரளி யாருக்கும் தலை வணங்காத அப்பா. இஞ்சி போட்ட மேடை வீட்டில் வாசல் நிலை அவர் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் காட்சியிலேயே நெற்றி வீங்கிவிட்டது. உயர்த்தச் சொன்னால் மாட்டேன் என்றார். ஊருக்கு வணங்காதவனை அவன் வீடாவது குனிய வைக்கட்டும் என்பது அவர் வாதம். கடைசியில் வாசல் உயரவில்லை, முரளிதான் குனியக் கற்றுக்கொண்டார்.

என் அக்கா மகள் கல்யாண ரிசப்ஷனுக்கும் அவரை அழைத்திருந்தேன். எல்லாரும் மாப்பிள்ளையின் கோட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இஞ்சி அவர் கையைப் பிடித்து ஆறுதலாக, "தோள் ரெண்டும் உங்களுது இல்ல தம்பி, பஞ்சு" என்றார். அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும் மாப்பிள்ளை தன் தோளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவர்தான் ஸ்டெல்லா அக்கா விஷயத்தில் பொய் சொன்னார்.

ஊரடங்கு முடிந்து அரங்குகள் மறுபடி திறந்த பிறகு நாங்கள் போட்ட முதல் நாடகம் அது. வெளிநாட்டில் இறந்துபோன மகனின் உடல் வந்து சேரக் காத்திருக்கும் ஒரு வீடு. முரளி அப்பா, ஸ்டெல்லா அக்கா அம்மா. அக்கா கோலார் தங்கவயலில் பிறந்தவர், இங்கே பள்ளி ஆசிரியை. நாடகம் மூன்று நான்கு முறை நடந்த நிலையில் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவரே எங்களை உட்கார வைத்துச் சொன்னார். நடிப்பை விடப் போவதில்லை என்றும், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்றும் சொன்னார்.

"பிளவுஸ் தொங்க ஆரம்பிச்சா நிறுத்திக்குவேன். ஜனங்க அந்த அம்மாவுக்கு அழட்டும், எனக்கு அழ வேணாம். ஒவ்வொரு ஷோவுக்கும் இஞ்சியண்ணன் அளக்கட்டும். நீங்கள்லாம் என் முகத்துக்காகப் பொய் சொல்வீங்க. அவருக்கு அது வராது."

வராததை இஞ்சி வரவழைத்துக்கொண்டார். அந்த வாரமே ஒரு பழைய டேப்பின் முனையில் ஓர் இஞ்ச் வெட்டிவிட்டு, பித்தளைத் தகட்டை மறுபடி பொருத்தினார். அக்கா இளைக்க இளைக்க அந்த டேப்பும் குறைந்தது. பிளவுஸின் பக்கத் தையலை யாருக்கும் தெரியாமல் உள்ளே பிடித்துவிடுவார். பிறகு அளந்து, "நீங்களே பாருங்க" என்று டேப்பைக் காட்டுவார். எண் மாறியிருக்காது. அக்கா நிம்மதியாக மேடைக்குப் போவார். நிபந்தனை போட்டவர் அவர்தான். ஆனால் அந்த மாலைகளுக்காகத்தான் அவர் மருந்தையே விழுங்கிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இடையில் முரளியின் பேண்ட் கிழிந்தது. புதிதாக அளவெடுக்க வேண்டியிருந்தது. கம்பெனி வண்டியிலிருந்து ஓடிவந்த முரளியை, கையில் அகப்பட்ட டேப்பால் அளந்து, எண்ணைச் சிவாஜிநகர் தையல்காரருக்கு அனுப்பிவிட்டார் இஞ்சி. தையல்காரரின் டேப்பில் எல்லா இஞ்சும் இருந்தது.

அந்தப் பேண்டோடு ஷோ நடந்தது சனிக்கிழமை மாலை. ஞாயிறு என்று குழுவில் சிலர் சொல்வது தவறு. பேண்ட் லூசாக இருக்கிறது, பெல்ட் வேண்டும் என்று முரளி கெஞ்சினார். இஞ்சி மறுத்துவிட்டார். "பையன் பொணத்துக்குக் காத்திருக்கறவன் பெல்ட்டு தேடிப் போட்டுட்டா உக்காந்திருப்பான்? என் அளவு தப்பாது. நீதான் வயித்த இழுக்கற."

ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டு முரளி மேடையேறினார். வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு அப்பா எழுந்து நிற்கும் கட்டம். எழுந்தார். பேண்ட் எழவில்லை.

அரங்கம் சிரித்தது. சாவு வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. முரளி சிலையாகிவிட்டார். ஸ்டெல்லா அக்கா மெதுவாக எழுந்து வந்து, மண்டியிட்டு, பேண்ட்டை மேலே ஏற்றி, இடுப்பில் பிடித்துக்கொண்டே சொன்னார்: "சாப்பிடவே இல்ல நீங்க. எப்பிடி எளைச்சிட்டீங்க பாருங்க."

அந்த வசனம் நாடகத்தில் கிடையாது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது. முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

திரை விழுந்ததும் அக்கா நேராக ஒப்பனை அறைக்கு வந்து, "முரளிய அளந்த டேப்பக் குடுங்கண்ணா" என்று கையை நீட்டினார். இஞ்சி டேப்பைக் கொடுத்தார். அது மூன்றாம் இஞ்சுக்கு மேல்தான் ஆரம்பித்தது.

"எனக்கு நெஜமா எவ்ளோண்ணா?"

இஞ்சி சொன்னார். அவர் ஓர் எண்ணைத் தாழ்ந்த குரலில் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"அப்ப நிறுத்திக்கறேன்" என்றார் அக்கா.

"வேணாம்மா. தப்பு என்னுது. அவரு சாப்பிடாம எளைச்சாருன்னா, அம்மாக்காரி மட்டும் சாப்பிட்டாளா? மொத சீனுக்கும் கடைசி சீனுக்கும் ஒரே அளவுல பிளவுஸ் தெச்சேன் பாருங்க, அங்கதான் தப்பு. டிசைன் தப்பு. அவளுக்குக் கடைசி சீன்ல தொங்கத்தான் செய்யணும்."

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். "இதுவும் பொய்யா?"

"எனக்கு வந்தது ஒரு பொய்தாம்மா. அதுலயே ஒருத்தன் பேண்ட்டு கழண்டு போச்சு."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிறுத்துவதைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.

அடுத்த ஷோவிலிருந்து அந்த அம்மாவுக்கு இரண்டு பிளவுஸ். முதல் காட்சிக்கு உடம்போடு ஒட்டியது, கடைசிக் காட்சிக்குத் தோளிலிருந்து நழுவுவது. உடம்பு அனுமதித்த வரைக்கும் அக்கா நடித்தார். கடைசி ஷோக்களை உட்கார்ந்தபடியே செய்தார். ஜனங்கள் அந்த அம்மாவுக்காக அழுதார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் அக்கா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து கல்லறை வாசலோடு போனவர்தான் இஞ்சி, பிறகு ஒத்திகைக்கு வரவே இல்லை. போனையும் எடுப்பதில்லை. இப்போது எங்களுக்கு வேறொரு டிசைனர் இருக்கிறார். நல்ல பிள்ளை. எங்கள் எல்லாருக்கும் உடம்பு மெலிந்திருப்பதாகச் சொல்கிறார். நாங்கள் நம்புவதில்லை.

இஞ்சி தன்னைப் படம் எடுக்க விட்டதில்லை. எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அக்காவின் கடைசி மேடை முடிந்து எல்லாரும் வணங்கி நின்றபோது, அக்கா அவர் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்து வந்தார். அவர் ஜனங்களைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக் குனிந்து அக்காவின் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அக்கா சிரிக்கிறார். ஒத்திகை ஹாலில் அதைத்தான் மாட்டியிருக்கிறோம், புதிதாக வருகிறவர்களிடம் அந்த முதுகைக் காட்டி, இவர் எங்கள் ஆள் என்று சொல்கிறோம்.