ஏழு மணி ஒச்சாண்டி

டிவியில் ஒச்சாண்டி டீ ஊற்றிக்கொண்டிருந்தான். பனிமலை முகாம், சுற்றிலும் துப்பாக்கிகள், நடுவில் கெட்டிலும் கையுமாக அவன். மேஜருக்கு ஒரு டம்ளர், மேஜருடைய மாமியாருக்கு ஒரு டம்ளர்.

"பட்டாளத்துல மாமியாருக்கு என்ன வேலை?" என்று கேட்டாள் முனீஸ்வரி.

அவள் புருஷன் ஈஸ்வரபாண்டி டிவிச் சத்தத்தைக் குறைத்தார். சுபேதாராக இருந்து ஓய்வுபெற்று கெங்குவார்பட்டிக்குத் திரும்பியவர், உயிரைக் கொடுத்து எழுதிய போர் நாவலைத்தான் சீரியலாக எடுத்திருந்தார்கள். உளவு, வெடிகுண்டு, மர்மம் எல்லாம் நாவலில் உண்டு. ஆனால் எழுதியது ஒருவனுக்காகத்தான். குண்டடி பட்டுக் கிடந்த இவரை முதுகில் சுமந்து பனியில் நடந்து, பங்கரில் போட்டுவிட்டு, அடுத்தவனைத் தூக்கப் போனவன் ஒச்சாண்டி. திரும்பி வரவில்லை. அவன் சம்சாரம் ராமுத்தாய் அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். "மாப்ள பேர ஊரு ஒலகமே சொல்லும் தங்கச்சி" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதனால்தான் டிவிக்காரர்களுக்கும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஒச்சாண்டி என்கிற பேரை மட்டும் மாற்றக்கூடாது.

அவர்கள் சொல் தவறவில்லை. பேரைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள்.

காஷ்மீர் எல்லை போடி மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. பனிக்கு இலவம்பஞ்சு. பஞ்சு மூக்கில் ஏறி இரண்டு நாட்டுப் படையும் தும்மின. டிராக்டருக்குத் தகரம் அடித்து டாங்கி ஆக்கியிருந்தார்கள்; பின்னால் கலப்பை மாட்டுகிற கொக்கி அப்படியே தெரிந்தது. மாமியார் இல்லாவிட்டால் ஏழு மணிக்கு ஒரு வீட்டிலும் டிவி போட மாட்டார்கள் என்று டைரக்டர் வினோத்ராஜ் விளக்கம் சொன்னார்.

அதையெல்லாம் ஈஸ்வரபாண்டி விழுங்கிக்கொண்டார். டீ மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. போன் போட்டார்.

"ஒச்சாண்டிக்குக் கொஞ்சம் முக்கியத்துவம் குடுங்க தம்பி."

"குடுத்துட்டாப் போச்சு சார்."

அடுத்த வாரமே ஒச்சாண்டி ராணுவ வரைபடத்தைக் கெட்டில் மூடிக்குள் மடித்து வைத்து எதிரிக்கு விற்றான்.

குழாயடியில் பெண்கள் அவனுக்கு மண்ணை வாரித் தூற்றினார்கள். எந்தத் தோட்டத்தில் விட்டாலும் வேலி தாண்டி மேய்கிற வெள்ளாடு ஒன்றுக்கு அவன் பேரே நிலைத்துவிட்டது. ஈஸ்வரபாண்டி பதறிப்போய் மறுபடியும் போன் போட்டார். அவன் பாசக்காரன், அந்த மனசையும் கொஞ்சம் காட்டுங்கள் என்று கெஞ்சினார்.

காட்டினார்கள். மூணாறில் ஒச்சாண்டிக்கு இரண்டாவது சம்சாரம் முளைத்தாள். அவளுக்குப் பூ வாங்கிப்போய்க் கண்கலங்கித் தலையில் வைத்துவிட்டான் அந்தப் பாசக்காரன்.

"நீங்க சும்மா இருந்திருந்தா அவுக டீ ஊத்தியே மானத்தோட இருந்திருப்பாக" என்றாள் முனீஸ்வரி.

அதற்குப்பிறகு ஈஸ்வரபாண்டி ராமுத்தாய் தெருப்பக்கமே போகவில்லை. பால் வாங்கக் கண்மாய்க் கரையைச் சுற்றிப் போனார். ஆனாலும் ஏழு மணி ஆனால் அவள் வீட்டு டிவிச் சத்தம் இவர் கொல்லைக்குக் கேட்கும். பாவி மகள் என்ன பாடு படுகிறாளோ என்று சோற்றில் வைத்த கையை எடுத்துவிடுவார்.

கடைசியில் பஸ் ஏறிப் படப்பிடிப்புக்கே போனார். பஞ்சுக்குள் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"கொன்னுருங்க தம்பி. திருந்தி, நாட்டுக்காக உசுர விட்டான்னு முடிச்சிருங்க. கொடி போத்தி அனுப்புங்க."

வினோத்ராஜுக்கு மனசே இல்லை. வில்லன்தான் சீரியலுக்கே மூச்சு, இன்னும் வருஷக்கணக்கில் அவனை இழுக்கலாம் என்று இருக்கிறோம் என்றார். ஆனால் வயசானவர் கண்ணீர் விட்டால் யாருக்குத்தான் தாங்கும்? அன்றைக்கே படம் பிடித்தார்கள். ஒச்சாண்டி மார்பில் குண்டு வாங்கி விழுந்தான். கொடி போர்த்தினார்கள். ஈஸ்வரபாண்டி தன்னையறியாமல் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். கொடிக்கு அடியில் பிணம் தும்மியது.

ஊர் திரும்பியவர், இத்தனை நாளுக்குப் பிறகு தலை நிமிர்ந்து ராமுத்தாய் தெருவுக்குள் நுழைந்தார். அவள் முகம் கழுவி, பெட்டியிலிருந்து எடுத்த நல்ல சேலை கட்டி, டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஏழு மணியாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன் தங்கச்சி. திங்கக்கெழமையோட மாப்ள வீர மரணம். இனி ஒரு பய ஒரு வார்த்த பேச முடியாது."

ராமுத்தாய் ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

"பெறகு வரவே மாட்டாகளா?"

"மாட்டான் தாயி."

"கெட்டவராத்தான் வந்தாக. ஆனா நெதம் வீட்டுக்கு வந்தாக." அவள் டிவியை அணைத்தாள். "மொதச் சாவையும் நீங்கதாண்ணே வந்து சொன்னீக."