குச் நஹி

பம்பாய் மாதுங்காவில் எங்கள் பெண்கள் விடுதியின் சொடக்கு அக்காவை மிஞ்சிய சத்தம் ரயிலுக்கு மட்டும்தான் உண்டு. நடந்தது வரிசையாக:

1. அக்கா விரல்களை முறித்தால், பட்டாசு என்று எதிர்க் கட்டடத்தில் ஜன்னலைத் திறப்பார்கள்.
2. முறித்து, தேய்த்து, மறுபடி முறித்து, விரல் கணுக்களின் இரு பக்கமும் தோல் தடித்துப் புடைத்தது. வலி கிடையாது.
3. சமையற்கார இசக்கியம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தாதரில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தார்.
4. அன்று மாலையே அக்காவின் தட்டும் தம்ளரும் தனியாகப் போய்விட்டன.

"குஷ்டம்னு டாக்டரே சொன்னாரு. என் ரெண்டு காதால கேட்டேன்" என்றார் இசக்கியம்மாள். திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கிய களைப்பே அவருக்கு இன்னும் தீரவில்லை.

அக்கா டெலிபோன் ஆபரேட்டர். பகலெல்லாம் யார் யாரையோ பேசவைத்துவிட்டு வருகிறவருக்குச் சாப்பாட்டு மேஜையில் பேச்சுக்கு ஆள் இல்லை. "ஒண்ணுமில்லன்னுதான் டாக்டர் சொன்னார்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். "மறைக்கத்தானே செய்வா" என்றார்கள் மற்றவர்கள். குஷ்டமே என்றாலும் மருந்து இருக்கிறதே என்று கேட்க யாருமில்லை. சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார் வார்டன். அக்காவுக்குப் போக வேறு இடம் கிடையாது, ஊரிலும் கிடையாது.

வெள்ளிக்கிழமை அக்காவையும் இசக்கியம்மாளையும் அதே டாக்டரிடம் கூட்டிப்போக நான் டிராமில் ஏற்றினேன். டாக்டர் விரல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே சொன்னேனே என்று சலித்துக்கொண்டார். "அரே, போலா நா? குச் நஹி. குச் நஹி ஹை."

இசக்கியம்மாள் என் விலாவில் இடித்தார். "கேட்டியா தாயி? இன்னைக்கு ரெண்டு மட்டம் சொல்லுதாரு."

"குச் நஹின்னா இந்தியில ஒண்ணுமில்லன்னு அர்த்தம்" என்றேன்.

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு சொல்லணும். அதுக்கு எதுக்கு குஷ்டு குஷ்டுன்னு வியாதி பேரச் சொல்லுதாரு?"

தேய்த்துத் தேய்த்துத் தடித்த தோல்தான், ஒட்டாது, பரவாது, மருந்தும் வேண்டாம், முறிப்பதை மட்டும் நிறுத்தட்டும் என்றார் டாக்டர். ஒவ்வொன்றையும் இசக்கியம்மாளுக்கு நான் தமிழில் சொன்னேன்.

திரும்பும்போது, "விட்டுடுங்களேன் அக்கா" என்றேன்.

"விட்டா ரூம்ல வேற சத்தம் ஏதும்மா?" என்றார், வெளியே பார்த்துக்கொண்டு.

இப்போதைய நிலை இது. கணுக்கள் அப்படியே இருக்கின்றன. அறை அக்காவுக்கே. வார்டனிடம் போய், "இந்திக்காரன் பேச்சு வெளங்கல" என்று இசக்கியம்மாளே சொல்லிவிட்டார். என் கட்டிலை நான் அக்காவின் அறைக்கு மாற்றிக்கொண்டேன். சொடக்கு குறைந்திருக்கிறது. பேச்சுதான் நிற்பதில்லை, விளக்கை அணைத்த பிறகும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.