மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கப் பயம்

சம்மாந்துறையில் இருக்கும் என் மூத்த சகோதரர், கண்ணியமான முகம்மது தம்பிக் காக்காவுக்கு, கல்முனையிலிருந்து தம்பி மீராமுகைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் நோவும் மதினியின் சீனி வருத்தமும் அல்லாஹ்வின் கிருபையால் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை.

வெள்ளிக்கிழமை மகள் முஸ்பிறாவின் நிக்காஹ். என் கழுத்தோ இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது. எலும்பில் பழுதில்லை என்று சொன்ன டொக்டர், உடம்பின் வழியாக மனதுக்கு வைத்தியம் செய்யும் யசோதினி என்ற காரைதீவுப் பிள்ளையிடம் அனுப்பினார். "பயம் உடம்புல எங்க இருக்கு ஐயா?" என்று கேட்டது. "வெள்ளிக்கிழமைல இருக்கு மகள்" என்றேன். சிரிக்கவில்லை. "கழுத்துக்குள்ள அழுகை நிக்குது. அத வெளிய விடுங்க. வீட்டயும் பழகுங்க" என்றது. நான் ஏன் காக்கா அழ வேணும்? நம்மட வழக்கத்துல மகளா ஊட்ட விட்டுப் போறா? மாப்பிள்ளை முஸ்தாக்தானே வந்து குடியேறப் போறார். ஊட்ட மகளுக்கு எழுதிட்டு, நானும் என்ட பொஞ்சாதி நஸீறாவும்தானே பின் வளவுல கட்டின சின்ன ஊட்டுக்குப் போறம். அது நான் எந்நாளும் குந்துற கதிரைக்கு இடப்பக்கம் இருக்கு. இதச் சொன்னதும் அந்தப் புள்ள "ம்" எண்டு மட்டும் சொல்லிச்சு. எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. சரி எண்டு குளியலறைக் கதவப் பூட்டி மெதுவா அழுது பழகினன். உடம்பு என்ட சொல்லுக் கேக்கல்ல காக்கா. உழவு மெசின் ஸ்டார்ட் எடுத்த மாதிரிச் சத்தம். பக்கத்து ஊட்டு றாபியா, என்ட உசிர் போயிட்டு, மௌத்து எண்டு நினைச்சு ஓடி வந்தா. அவட புருஷன் றமீஸ் பள்ளிக்கு ஓடி, மையித்துத் தூக்கிற சந்தூக்குக் கேட்டிருக்கார். நிக்காஹுக்கு எடுத்த கதிரையெல்லாம் ஜனாஸாவுக்கு அடுக்கிட்டாங்க. நான் இடுப்புல கட்டின துவாயோட வெளிய வந்தும், எனக்காக ஓதிக்கொண்டிருந்தவர் நிப்பாட்டல்ல.

பயமா இருக்கு காக்கா. சபை நடுவுல முஸ்தாக்கிட கையப் பிடிச்சு, "என் மகளை நிக்காஹ் செய்து தந்தேன்" எண்டு சொல்லக்குள்ள இந்தச் சத்தம் வந்தா என்ன செய்ற? மாப்பிள்ளை எழும்பி ஓடிருவார். வாப்பாவுக்குரிய அந்தப் பொறுப்ப உங்களுக்குத் தாறன். நீங்க கையப் பிடிங்க. நான் சமையக்காரரோட குசினிப் பக்கம் நிக்கிறன்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உங்களோட வாழ மதினிக்குப் பொறுமையையும் தரட்டும்.

இப்படிக்கு,
தம்பி மீராமுகைதீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் முஸ்தாக் வந்தார். மௌத்துச் செய்தி அவருக்கும் எட்டியிருக்கு. என்னை உயிரோட கண்டதும் ரெண்டு கையையும் பிடிச்சு ஓவெண்டு அழுதார். "மாமா, நீங்க பின்னுக்குப் போகாதீங்க, நாங்க அந்தச் சின்ன ஊட்டுல இருக்கிறம்" எண்டார். நானும் அழுதன். கழுத்துத் திரும்பிட்டு. பார்த்தா, சின்ன ஊடு அவ்வளவு மோசமில்ல. நானும் நஸீறாவும் அங்கதான் போறம். ஆனா கையப் பிடிக்கிற பொறுப்ப ஒருத்தருக்கும் தர மாட்டன். நீங்க சாப்பிட வாங்க. வரக்குள்ள துவாய் ஒண்டு கொண்டு வாங்க, மாப்பிள்ளை என்னை விடச் சத்தமா அழுறார்.