காப்பி அடித்த காரும் கழுகு வாத்தியாரும்

உலகத்தில் எத்தனையோ பேர் காரைக் கழுவியிருக்கிறார்கள், இடித்திருக்கிறார்கள், கோபத்தில் டயரை உதைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு காரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துத் தண்டித்தவர், எனக்குத் தெரிந்து, மலேசியாவின் குளுவாங்கில் என் பக்கத்து வீட்டுக் கழுகு வாத்தியார் ஒருவர்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. மின்சார பில்லில் பார்த்திருக்கிறேன். எங்கள் தாமான் குடியிருப்பில் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே உதட்டைப் பிதுக்குவார். கழுகு என்பது அவரிடம் சோதனை எழுதிய பிள்ளைகள் வைத்த பெயர். இடைநிலைப்பள்ளியில் முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியார். ஆனால் அவருடைய புகழ் கணக்கினால் வந்ததல்ல. அவர் கண்காணிப்பாளராக நின்ற மண்டபத்தில் பார்த்து எழுதிவிட்டுத் தப்பியவன் கிடையாது. அழிப்பானுக்கு அடியில் எழுதி வைத்தவன் அகப்பட்டான். தொடையில் எழுதி வைத்தவன் அகப்பட்டான். நண்பனுக்குத் தும்மியே விடை சொன்ன ஒருவனும் அகப்பட்டான். ஒரு தும்மல் என்றால் ஏ, இரண்டு என்றால் பி. கழுகு அவன் பக்கத்தில் போய்க் குனிந்து, "மூணு தும்மல். சி-ன்னு சொல்றியா? தப்பு. சரியான விடை பி" என்றாராம். திருட்டுக்கு ஒரு தண்டனை, தப்பான விடைக்கு ஒரு தண்டனை.

ஓய்வு பெற்றபின் ஒரு வெளிநாட்டு டீசல் கார் வாங்கினார். மகள் கெலாங் பாத்தாவில் இருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தாள். அவளைப் பார்க்கப் போகத்தான் கார். டீசல் என்றால் கரி என்று நினைக்கும் எங்களைப் போன்ற பாமரர்களுக்காக, தினமும் காலையில் எஞ்சினை ஓடவிட்டுப் புகைக்குழாயில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிப்பார். பிறகு அதை மதில் சுவர் மேல் நீட்டுவார்.

"பாருங்க ஸ்டோர்காரரே. ஏதாவது ஒட்டியிருக்கா?"

நான் மருத்துவமனை மருந்துக் கிடங்கில் மாத்திரை எண்ணி எண்ணி நரைத்தவன். அதனால் அவருக்கு நான் ஸ்டோர்காரர். எனக்கு மூச்சிரைப்பு வேறு உண்டு. அவருடைய புகைக்குழாய்க்கும் என் படுக்கையறைச் சன்னலுக்கும் நடுவே ஒன்பது அடி. அளந்தே வைத்திருந்தேன். வண்டியைத் திருப்பி நிறுத்த முடியுமா என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டேன்.

"எதுக்கு? இது விடுற காத்து குளுவாங் காத்தைவிட சுத்தம். சோதனையில பாஸ் பண்ணுன காடி. நீங்க சன்னலை நல்லா தொறந்து வைங்க!"

படித்த மனிதர் சொல்கிறார். திறந்து வைத்தேன்.

ஆறு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் காலையில் மதில் மேல் கைக்குட்டைக்குப் பதிலாக நாளிதழ் வந்தது.

"படிங்க. சத்தமா படிங்க."

படித்தேன். அந்தக் காரைச் செய்த நிறுவனம் ஊரை ஏமாற்றியிருக்கிறது. சோதனைச் சாலையில் சக்கரம் சுற்றும், ஆனால் ஸ்டீரிங் திரும்பாது. அதை வைத்தே, "இப்போது சோதனை நடக்கிறது" என்று காருக்குள் இருக்கும் கணினி கண்டுகொள்ளுமாம். உடனே புகையை ஒழுக்கமாகச் சுத்தம் செய்து விடுமாம். சாலைக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. அது விடும் நச்சுவாயு கண்ணுக்குத் தெரியாது. கைக்குட்டையில் ஒட்டாது.

கழுகு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆறு வருஷம். என் வீட்டுப் போர்ச்சுல. என் கண்ணு முன்னால காப்பி அடிச்சிருக்கு."

"சார், அது ஒரு மெஷின். அதுக்கு என்ன தெரியும்?"

"மெஷினுக்கு வாத்தியாரைத் தெரியாது ஸ்டோர்காரரே. இதுக்குத் தெரிஞ்சிருக்கு!"

சொல்லிவிட்டு என் சன்னலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"உங்க மூச்சு எப்ப இருந்து மோசமாச்சு?"

"வயசாயிடுச்சு சார். பூனை இருக்கு. வருஷா வருஷம் புகைமூட்டம் வேற..."

"எப்ப இருந்துன்னு கேட்டேன்."

அது மண்டபத்துக் குரல். வாய் தானாக உண்மையைச் சொல்லிவிட்டது. "ஒரு நாலஞ்சு வருஷமா."

நாளிதழை நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போனார். அன்று மத்தியானம் பார்க்கிறேன், எங்கள் வரிசையின் கடைசிச் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு கார் வெயிலில் நிற்கிறது. அவர் வீட்டம்மா வாசலில் நின்று புலம்பினார்.

"அதுக்குத் தண்டனையாம் அண்ணே! வெயில்ல காயணுமாம், மழையில நனையணுமாம். நான் எதுல மார்க்கெட்டுக்குப் போறது? தண்டனை அதுக்கா, எனக்கா?"

தாமான் முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மறுநாள் அவர் என்னோடு கிளினிக்குக்கு வந்தபோதுதான், இவர் எதற்குத் துடிக்கிறார் என்று புரிந்தது. கார் ஏமாற்றியது பாதிதான். என் நெஞ்சைக் கெடுத்தது தான்தானா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

டாக்டர் இளம்பெண். பொறுமையாகச் சொன்னார். "இருக்கலாம் அங்கிள். இல்லாமலும் இருக்கலாம்."

"டாக்டர், இது என்ன விடை? ரெண்டுக்கும் வட்டம் போட்டா மார்க் கிடையாது."

அடுத்த வாரம், ஊரில் அதே கார் வைத்திருந்தவர்களை ஒரு காப்பிக் கடைக்கு வரச் சொன்னார். வந்தவர்கள் இரண்டே பேர்: ஒரு பல் டாக்டர், ஒரு ஜவுளிக்கடைச் செட்டியார். மூன்றாவது ஆளாக நான் உட்கார்ந்தேன். எனக்குக் கார் கிடையாது, நுரையீரல்தான் உண்டு.

கழுகு நடந்த மோசடியை விளக்கினார். செட்டியார் ரொட்டி சானாயைப் பிய்த்தபடி கேட்டார்.

"சரி பண்ணித் தர்றேன்னு கம்பெனியில காரைக் கூப்பிடுவாங்க போலிருக்கு. நான் குடுக்க மாட்டேன் வாத்தியாரே. இப்ப என்ன இழுவை இழுக்குது தெரியுமா? கையை வச்சாங்கன்னா அந்த இழுவை போயிடும்."

பல் டாக்டர் இன்னும் தெளிவாக இருந்தார். "சார், புகை பின்னாடிதானே போகுது? நான் முன்னாடி போறேன் லா."

"உங்களுக்குப் பின்னாடி யாரு வர்றா?"

"யாராவது மோட்டார்சைக்கிள்காரன் வருவான்."

"எந்திரிச்சு நில்லு."

பல் டாக்டர் எழுந்து நின்றார். பழைய மாணவர். ஐம்பதைத் தொட்ட மனிதர், கையில் தே தாரிக் தேநீரோடு, கடை நடுவில். உட்காரச் சொல்லாமலே கழுகு வெளியே நடந்துவிட்டார். நான் பின்னால் ஓடித் திரும்பிப் பார்த்தபோதும் டாக்டர் நின்றுகொண்டுதான் இருந்தார். செட்டியார் தலையைத் தூக்கவே இல்லை.

அதன் பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. "அதையே நாம ஏமாத்தணும். எந்நேரமும் சோதனை நடக்குறதா அது நினைக்கணும். ஸ்டீரிங்கைத் திருப்பாம ஓட்டுனா ஒழுங்கா நடந்துக்கும்."

"ரோடு திரும்புமே சார்?"

"நேர் ரோடா பார்த்துப் போவோம்."

காஹாங் தாண்டி மெர்சிங் சாலையில் போனோம். இரண்டு பக்கமும் செம்பனை. நான் மூச்சுப் பம்பை மடியில் வைத்துக்கொண்டு மரங்களை எண்ணினேன், பயம் தெரியாமல் இருக்க. அவர் தளும்பும் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடிப்பதுபோல ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தார். நல்லவேளை, வேகம் மாட்டு வண்டி வேகம். பின்னால் வந்த லாரிகள் எங்கள் குலத்தையே திட்டிக்கொண்டு தாண்டிப் போயின.

"சார், வளைவு வருது."

"தெரியுது. கொஞ்சம் இருங்க. இப்பதான் நல்ல பிள்ளையா இருக்கு."

"சார், திருப்புங்க!"

"ஒரு நிமிஷம்..."

சாலை இடது பக்கம் போனது. நாங்கள் நேராகப் போனோம். தோட்டத்துச் செம்மண் பாதை ஒன்று நேராகவே இருந்தது. அதில் முப்பத்தாறு செம்பனை மரம் வரை போய், முன்சக்கரம் லொங்காங் என்கிற வடிகாலில் தொங்க நின்றோம். அடி ஒன்றுமில்லை. மோட்டார்சைக்கிளில், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் ஒரு தமிழ் மண்டோர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன ஐயா, வழி தப்பிட்டீங்களா?"

"வழி தப்பல தம்பி. சோதனை நடக்குது."

"யாருக்கு?"

"எனக்கு," என்றேன் நான்.

தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்தது. அது விட்ட புகையில் பட்டப்பகல் இருண்டது. நான் பம்பை வாயில் வைத்தபடி ஓடினேன். கழுகு மட்டும் டிராக்டரை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார். "கறுப்பா விடுது. ஆனா மறைக்கல பாருங்க."

கடைசியில் நிறுவனம் காரைக் கூப்பிட்டது. இலவசமாகக் கணினியை மாற்றி, இனிச் சுத்தம் என்று சான்றிதழும் கொடுத்தது. விட்டது தொல்லை என்று நான் நினைத்தேன். அவர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காப்பி அடிச்ச பையனுக்கு மறுசோதனை. சரி. கேள்வி தயார் பண்ணுனது யாரு? அவன் அப்பன். மண்டபத்துல நின்னது? அவன் அப்பன். மார்க் போட்டது?"

"அப்பன்தான் சார்."

"அப்ப இதை வச்சு நான் என்ன செய்ய?"

விற்றுவிடுங்கள் என்றார் வீட்டம்மா. வாங்க வந்த ஓர் இளைஞனிடம் நடந்தது எல்லாவற்றையும் கழுகு ஒப்பித்தார். "பரவால்ல லா அங்கிள், எடுத்துக்கிறேன்," என்றான் அவன். "உன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டார். "எங்க பாட்டி," என்றான். விற்கவில்லை. கார் போர்ச்சுக்கே திரும்பியது.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில், ஏழு மணிக்கு வழக்கமாகக் கேட்கும் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டம்மா ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். கழுகு பின்னால் நின்று, முட்டிவலியோடு, காரைத் தள்ளுகிறார். என் வீட்டைத் தாண்டி, வரிசை வீடுகள் முடிந்து திடல் தொடங்கும் இடம்வரை தள்ளிக்கொண்டு போய், அங்கேதான் எஞ்சினைக் கிளப்பினார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

நாலாவது நாள் வாசலுக்குப் போய்க் கேட்டேன். "என்ன சார் இது?"

அவர் வானத்தைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். "பேட்டரி வீக்," என்றார்.

முப்பத்தொரு வருடம் பிறர் பொய்யைப் பிடித்தவருக்குத் தனக்கென்று ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. நான் அவருக்குப் பக்கத்தில் போய்க் காரில் கை வைத்தேன்.

"நீங்க தள்ளாதீங்க. மூச்சு வாங்கும்."

"பேட்டரி வீக்குன்னா ரெண்டு பேர் தள்ளணும் சார்."

முன்னாலிருந்து வீட்டம்மா கத்தினார். "ரெண்டு கிழங்களும் சேர்ந்து என்னை லொங்காங்ல விட்டுறாதீங்க!"

இரண்டு வருடத்துக்கு மேல் அப்படித் தள்ளினோம். மூச்சு வாங்கியது. திடலில் நின்று வாங்கிக்கொள்வோம். என் நெஞ்சைக் கெடுத்தது எது என்று எந்த டாக்டரும் கடைசிவரை சொல்லவில்லை. அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

இப்போது அவர் மகளோடு கெலாங் பாத்தாவில் இருக்கிறார். அவர் இருந்த வீட்டில் ஓர் இளம் தம்பதி குடிவந்திருக்கிறார்கள். மின்சாரக் கார். சத்தம் இல்லை, புகை இல்லை, தானாகவே ஓசைப்படாமல் நழுவிப் போகிறது. ஏழு மணி ஆனால் நான் இன்னும் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து நிற்கிறேன். தள்ளுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.