வெள்ளத்திலும் இறங்காத சார்ஜ்

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. எல்லாக் கதையிலும் நரி புத்திசாலி. இந்தக் கதையில் அந்த நரி நான்தான். ஆகவே அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

எங்கள் ஆற்றில் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வரும். அதனால் சிங்கராஜா ஆளுக்கொரு கம்பியில்லாப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிவிட்டார். தண்ணீர் ஏறினால் கரையோர வளையில் பச்சைக்குட்டிகளோடு இருக்கும் முள்ளம்பன்றி முத்தழகி பெட்டியை அமுக்குவாள். நடுக்காட்டு உடும்பின் பெட்டி அந்தச் சேதியை வாங்கி, குன்றின்மேல் இருக்கும் என் பெட்டிக்குத் தள்ளும். நான் யானைகளை அனுப்ப வேண்டும்.

பேட்டரிதான் நிற்கவில்லை. புதிது வாங்க ஊருக்குள் போனால் நாய் துரத்துகிறது. துரத்தப்படுவது நான்.

ஆகவே யோசித்தேன். யாராவது பேசுவார்களா என்று சும்மா காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதும் பெட்டி பேட்டரியைத் தின்கிறது. அப்படியானால் தூங்கட்டும்! அவ்வப்போது கொஞ்சம் விழித்தால் போதும். நெரிசல் வேண்டாமென்று ஒவ்வொரு பெட்டிக்கும் வெவ்வேறு விழிப்பு நேரம் வைத்தேன்.

"என் பெட்டி முழிச்சிருக்கிறப்ப உடும்பண்ணன் பெட்டி தூங்குமே, நரியண்ணே. அப்ப நான் சொல்றது யாருக்குக் கேக்கும்?" என்றாள் முத்தழகி.

"அதுதான் தாயி சிக்கனம்," என்றேன்.

சார்ஜ் இறங்கவே இல்லை. ராஜா எனக்குச் சால்வை போர்த்தினார். அந்த வெயிலிலும் நான் அதைக் கழற்றவில்லை.

ஒரு மத்தியானம் வெள்ளம் வந்தது. முத்தழகி அமுக்கினாள், உடும்பின் பெட்டி உறக்கம். அது விழித்தபோது அவள் பெட்டி தூங்கப் போய்விட்டது. என் பெட்டியும் ஒருதரம் எழுந்து, "சேதி ஒன்றுமில்லை" என்று காட்டிவிட்டுப் படுத்தது. நானும் படுத்தேன்.

கடைசியில் அவள் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினாள். யானைகளுக்கு நேராகவே கேட்டது. ஓடிப்போய்க் குட்டிகளைத் துதிக்கையால் அள்ளின. கடைக்குட்டி மூக்குவரை நனைந்திருந்தது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் விசாரணை.

"பெட்டிகள்ல சார்ஜ் எவ்வளவு மிச்சம்?" என்றார் ராஜா.

"முழுசா இருக்கு, மகாராஜா."

"அப்புறம் தப்பு எங்க நடந்துச்சு?"

முத்தழகியால் பதில் சொல்ல முடியவில்லை, தொண்டை கட்டியிருந்தது. உண்மையை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"இவ மொத்த சக்தியையும் ஒரே கத்தல்ல தீர்த்துட்டா, மகாராஜா. இனிமே தொண்டைக்கும் தூங்குற நேரம் வைக்கணும்."

இரண்டாவது சால்வை முதலாவதைவிட நல்ல துணி.

நீதி: பேட்டரியைக் காப்பாற்று, உயிர் தானே நீந்திக்கொள்ளும்.