அண்ணனுக்கான புள்ளிகள்

"உங்கள் விண்ணப்பத்தில் குறிப்பிட்டுள்ள சகோதரர், உங்களுடன் பிறந்தவர்தான் என்பதை முப்பது நாட்களுக்குள் நிரூபிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்."

கியூபெக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை ஷான் மூன்றாவது முறையாகப் படித்தான். நாலு வருடம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் பிரெஞ்சு படித்ததற்குக் கண்ட பலன், கெட்ட செய்தியை அகராதி இல்லாமலே புரிந்துகொள்ள முடிந்ததுதான். கழுத்தைப் பிடிக்கும்போதுகூட அந்த மொழி மரியாதை குறையாமல் பிடித்தது.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன் ஷான். வயது முப்பத்தொன்பது. அவன் விண்ணப்பித்திருந்ததோ பிறந்தநாள் வந்தால் புள்ளியைக் குறைக்கிற ஊருக்கு. படிப்பு, அனுபவம், பிரெஞ்சு, மனைவி ஜனகாவின் பட்டம் என்று எல்லாவற்றையும் கூட்டியும் கொஞ்சம் துண்டு விழுந்தது. அப்போதுதான் படிவம், 'இங்கே உங்கள் சகோதரர் யாரும் இருக்கிறாரா?' என்று கேட்டது.

இருந்தார். இருபது வருடமாக மொன்றியலில் இருக்கும் சரண் அண்ணன், பெரியப்பாவின் ஒரே மகன். ஷானை விடப் பதினோரு வயது மூத்தவர். சின்ன வயதில் அவருடைய தோளில் உட்கார்ந்துதான் ஷான் தேர் பார்த்தான், அவர் பிடித்துக்கொள்ள சைக்கிள் பழகினான், ஒரு தடவை பல்லையும் உடைத்துக்கொண்டான். பெரியப்பா பிள்ளையும் கூடப்பிறந்தவர்தானே என்று கை கூசாமல் அவர் பெயரை எழுதினான். துண்டு விழுந்த புள்ளிகள் வந்து உட்கார்ந்தன.

"கஸின்னு போட்டிருக்கணும்," என்றாள் ஜனகா.

"கஸினுக்குப் புள்ளி கிடையாது."

"அப்ப பொய்தானே?"

"பொய் இல்ல லா. நம்ம வழக்கம்."

"நம்ம வழக்கம் தெரிஞ்சவங்க முப்பது நாள் கெடு குடுக்க மாட்டாங்க."

அடுத்த மாதம் நாற்பது. இந்தக் கோப்பு மூடப்பட்டால் மறுபடி போட வயது இடம் கொடுக்காது. பொய்த் தகவல் என்று முத்திரை விழுந்தால் பல வருடங்களுக்கு அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது. தன்னிடம் வேலை பழகியவர்கள் எல்லாம் தனக்கே மேலதிகாரிகளாகிவிட்ட மருத்துவமனையில் இன்னும் இருபது வருடம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்று மாலையே சரணுக்குத் தொலைபேசியில் பேசினான். மொன்றியலில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"அண்ணே, உங்க பர்த் சர்ட், அதான் பிறப்புப் பத்திரம், ஒரு காப்பி வேணும்."

"எதுக்குடா?"

ஷான் விஷயத்தைச் சொன்னான்.

"என்னைக் கூடப்பிறந்தவன்னு போட்டியா?"

"அப்படித்தானேண்ணே வளர்ந்தோம்?"

"சின்னம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கு எதுக்குண்ணே இந்த ஃபார்ம் கதையெல்லாம்?"

"அவங்ககிட்ட கேளு. அவங்க சொல்லாம நான் எதையும் அனுப்ப மாட்டேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஷானுக்கு முகம் சுண்டிவிட்டது. ஐம்பது வயது ஆள், ஒரு தாளை நகல் எடுத்து அனுப்ப என் அம்மாவிடம் அனுமதி கேட்கிறார். வெள்ளைக்காரன் ஊரில் இருந்து இருந்து நியாயவான் ஆகிவிட்டார் என்று ஜனகாவிடம் பொருமினான்.

அண்ணன் கைவிட்டால் ஊர் இருக்கிறது. மறுநாள் கோயில் செயலாளர் சிவசம்புவைப் போய்ப் பார்த்தான். சிவசம்பு அங்கிள் அரசாங்கக் கருவூலத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து, ஒரு பிழைகூட இல்லாமல் ஓய்வு பெற்றவர். அதைச் சொல்லாமல் அவர் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

"ஒரு லெட்டர் வேணும் அங்கிள். சரண் எனக்கு அண்ணன்னு, கோயில் முத்திரையோட."

"அண்ணன்தானே. தாராளமா தரலாம். முதல்ல நீ எனக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் குடு."

விண்ணப்பம் கொடுத்தான். அது மேசையில் மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் கடிதம் தயாரானது. 'சரண் என்பவர் ஷான் என்பவரின் மூத்த சகோதரர் என்பதை இதனால் உறுதிப்படுத்துகிறோம்.' படித்ததும் ஷான் உருகிப்போனான். பிறகுதான் அடியில், சின்ன எழுத்தில், 'அதாவது பெரியப்பாவின் மகன்' என்று இருந்ததைக் கவனித்தான்.

"அங்கிள், இந்தக் கடைசி வரி வேணாமே."

சிவசம்பு கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தெட்டு வருஷம் சர்வீஸ், தம்பி. அரைகுறைத் தகவல்ல கையெழுத்துப் போட்டதே கிடையாது. உனக்குச் சந்தேகம்னா விவரத்தை இன்னும் தெளிவாவே போட்டுடுவோம்."

தெளிவாகவே போட்டார். கடிதத்தோடு ஒரு வம்சாவளிப் படமும் சேர்ந்தது. ஒரு தாத்தா, அவருக்கு இரண்டு மகன்கள், ஒவ்வொரு மகனுக்கும் கீழே அளவுகோல் வைத்து இழுத்த கோடு, கோட்டின் நுனியில் ஆளுக்கொரு பிள்ளை. பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் புரிகிற மாதிரி வரைந்திருந்தார்.

"இதை அனுப்பாதீங்க," என்றாள் ஜனகா.

"கோயில் முத்திரை இருக்கு. பிரெஞ்சுக்காரன் முத்திரையைத்தான் பார்ப்பான்," என்று அனுப்பினான் ஷான்.

பிரெஞ்சுக்காரன் படத்தைத்தான் பார்த்தான். ஐந்தாம் நாள் பதில் வந்தது. மரியாதை முன்னைவிட அதிகமாக இருந்தது. நீங்கள் சொன்னதும் நீங்களே அனுப்பிய படமும் முரண்படுகின்றன. உண்மையைச் சத்தியப் பிரமாணமாக எழுதி, இருவருடைய பிறப்புப் பத்திரங்களையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்து அனுப்பவும். தவறினால் பொய்த் தகவலாகக் கருதப்படும். எங்கள் மேலான வணக்கங்களை ஏற்றுக்கொள்ளவும்.

ஷான் வணக்கத்தை ஏற்றுக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான்.

"புள்ளி போனா போகட்டும்," என்று கடைசியில் ஜனகாதான் சொன்னாள். "உண்மையை எழுதிடுங்க. தடை விழாம இருந்தா போதும். என் பிரெஞ்சுப் பரீட்சை ரிசல்ட் வரணும். அதுல எவ்வளவு தேறுதுன்னு பார்ப்போம்."

அது நியாயமாகப் பட்டது. பிரெஞ்சு வகுப்பு நடத்துகிற சிந்துஜாதான் மொழிபெயர்ப்பும் செய்பவள். தன் பிறப்புப் பத்திரத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, அவருடையதை நேரே அவளுக்கே அனுப்பச் சொல்லி சரணுக்குச் செய்தி போட்டான். பதில் இல்லை. பிறகு பிரமாணத்தை எழுதினான். 'சரண் எனக்கு உடன்பிறந்தவர் அல்லர். அவருடைய பெற்றோர் வேறு, என் பெற்றோர் வேறு.' குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் வலுவாக இருக்கும் என்று தாளை அம்மாவிடம் கொண்டுபோனான்.

இராசேஸ்வரி எழுபத்திரண்டு வயதிலும் ஆங்கிலப் பத்திரிகையை முதல் பக்கம் முதல் மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். நாலு வரித் தாளைப் படிக்க அன்று கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மடித்து மகனிடமே நீட்டினார்.

"நான் போட மாட்டேன்."

"வெறும் சாட்சிம்மா. இங்க ஒரு சைன்."

"நீ போகணும்னா போ. நான் தடுக்கல. இதுல என் கை படாது."

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த எரிச்சல் ஷானுக்குப் பொங்கியது. "நேராவே சொல்லுங்கம்மா. எனக்கு இது கிடைக்கக்கூடாது உங்களுக்கு. இருக்கிறது ஒரே பிள்ளை, அவனும் போயிட்டா தனியா இருக்கணுமேன்னு பயம். அதுக்கு என் வாழ்க்கையைக் கெடுக்கணுமா?"

"அது இல்லடா," என்றார் இராசேஸ்வரி. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே யாரிடமோ தொலைபேசியில் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. சொந்தக்காரர்களிடம் என்னைப் பற்றிப் புகார் போகிறது என்று நினைத்தான் ஷான்.

மறுநாள் சாட்சி இல்லாமலே பிரமாண ஆணையரிடம் போனான். ஆணையர் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார். சரண் எனக்கு உடன்பிறந்தவர் அல்லர் என்று வாசித்தவன், அடுத்த வரிக்குப் போகாமல் நின்றான். தோளில் தூக்கிச் சுமந்த மனுஷன். இருந்தாலும் உண்மை உண்மைதான். கையெழுத்துப் போட்டான். சிந்துஜா அதை அன்றே பிரெஞ்சில் ஆக்கிக் கொடுத்தாள். பத்திரங்கள் பின்னால் வரும் என்று ஒரு குறிப்பு எழுதி, மதியமே அனுப்பியும் விட்டான்.

அனுப்பியதும் மனசு லேசானது. அந்த லேசில் அம்மாவிடம் பேசியது உறுத்தியது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தான்.

"நான் பேசினது தப்புமா. கோவத்துல வந்துடுச்சு."

இராசேஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தியம் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். அனுப்பியும் ஆச்சு. இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜனகா ஒன்றும் புரியாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்போது ஷானின் கைப்பேசி ஒலித்தது. சிந்துஜா. இன்னொரு கை அம்மாவிடம் இருந்ததால், மேசையிலேயே வைத்து எல்லாரும் கேட்கும்படி போட்டுவிட்டான்.

"அண்ணே, சரண் அண்ணன் இப்பதான் அனுப்பினாரு. நீங்க ஒண்ணு கேட்டீங்க, அவரு ரெண்டு பத்திரம் அனுப்பியிருக்காரு. அதான் போன் பண்ணேன்."

"ரெண்டா? எதுக்கு?"

"பர்த் சர்ட் ஒண்ணு, அவரை மூணு மாசக் குழந்தையா உங்க பெரியப்பாவுக்குத் தத்து குடுத்த பத்திரம் ஒண்ணு. பர்த் சர்ட்டை உங்களோடதுக்குப் பக்கத்துல வச்சு மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். அப்பா பேரு, அம்மா பேரு, அம்மாவோட அடையாள அட்டை நம்பர் வரைக்கும் ரெண்டுலயும் ஒண்ணாவே இருக்கே, அப்ப காலைல யாரைக் கூடப்பிறக்கலன்னு சத்தியம் பண்ணீங்க?"